மூன்றாவது ஆட்டத்தில் தொண்ணூற்றேழு

குழல்வாய்மொழியும் ஆறுமுகநயினாரும் ஒருவரை ஒருவர் மனதார விரும்புகிறார்கள் என்பதில் தென்காசியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பொருத்த இயந்திரத்துக்கு மட்டும் இருந்தது.

முதல் ஆட்டத்தில் அது அவர்களுக்கு முப்பத்தொரு மதிப்பெண் போட்டது. இரண்டாவதில் இருபத்தொன்பது. கல்யாணத்தைப் பதிவு செய்ய அறுபது வேண்டும். ஒரு ஜோடிக்கு மூன்று ஆட்டம்தான் அனுமதி. மூன்றிலும் தேறாவிட்டால் பத்து வருடத்துக்கு அந்த இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்ள முடியாது. வேறு யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். அந்த விஷயத்தில் சட்டம் தாராளமானது.

சட்டம் வந்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது. விவாகரத்து வழக்குகள் மலையாகக் குவிந்து, நீதிமன்றங்களுக்கு மூச்சு முட்டிய சமயத்தில், இனி ஜாதகத்தை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அரசாங்கம் முடிவு செய்தது. பன்னிரண்டு கட்டத்தை எடுத்துவிட்டு எண்பத்தொரு கட்டத்தைக் கொண்டுவந்தது. ஆட்டத்துக்குக் கூட்டரசு என்று பெயர். சதுரங்கம் தெரிந்தவர்களுக்குப் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். யானை, குதிரை, மந்திரி, சிப்பாய் எல்லாம் உண்டு. ஆனால் அரசர் ஒருவர்தான். நட்டநடுக் கட்டத்தில் நிற்பார், இரண்டு பேருக்கும் பொது. தன் முறை வரும்போது தன் காயையும் நகர்த்தலாம், அரசரையும் ஒரு கட்டம் தள்ளலாம். வெட்டுப்பட்ட காய் சாவதில்லை. கட்சி மாறி, வெட்டியவர் பக்கம் போய் வேலை பார்க்கும். அரசரைத் தன் வீட்டு வரிசைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஜெயித்தார். ஜெயித்ததற்கு மதிப்பெண் கிடையாது.

"பொறவு எதுக்குத்தான் மேடம் மார்க்கு?" என்று இரண்டாவது ஆட்டம் முடிந்த அன்று குழலி கேட்டாள். காற்றாலைக் கோபுரங்களில் ஏறி இறக்கைகளைப் பழுது பார்க்கும் வேலை அவளுக்கு. இருநூறு அடி உயரத்தில் தலை சுற்றாத பெண்ணுக்கு அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் தலை சுற்றியது.

பொருத்த அலுவலர் அன்னபாக்கியம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அந்தக் கண்ணாடியே நயினார் கடையில் செய்ததுதான். அந்த நன்றி அவர் குரலில் இருந்தது, மதிப்பெண்ணில் இல்லை.

"யாரு ஜெயிச்சான்னு மெஷின் பாக்காதும்மா. எப்படிப் பறிக்கிய, எப்படிக் குடுக்கிய, தப்பு பண்ணின பொறவு எவ்வளவு நேரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய, அதத்தான் பாக்கும். லட்சக்கணக்கான புருஷன் பொண்டாட்டி ஆட்டம் அதுகிட்ட இருக்கு. உங்கள மாதிரி ஆடினவங்க என்ன ஆனாங்கன்னு அதுக்குத் தெரியும். முத ஆட்டத்து அறிக்கையப் படிக்கேன், கேளுங்க. 'ஒருவர் எடுத்துக்கொண்டே இருப்பார். மற்றவர் கொடுத்துக்கொண்டே இருப்பார். ஏழாம் ஆண்டில் கொடுப்பவர் கையில் ஒன்றும் இருக்காது.'"

அறிக்கையில் பொய் இல்லை என்பதுதான் வம்பு. குழலிக்குத் தோற்கத் தெரியாது. மூன்று வயதில் பல்லாங்குழியில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் சோழிகளை வாயில் போட்டுக்கொண்டவள். நயினாரோ கண்ணாடிக்கடைக்காரன். 'இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா' என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, மற்றவர்களுக்கு எது தெளிவோ அதுவே தனக்கும் தெளிவு என்று ஆகிப்போனவன். குழலி எதைக் கேட்டாலும் 'சரி' என்பான். ஆட்டத்திலும் அவள் பார்வை தன் யானை மேல் பட்டதுமே யானையை அவள் குதிரைக்கு எதிரில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான்.

"ரெண்டாவது ஆட்டத்துல நான் விட்டுக்குடுத்தேன், அவன் சண்டை போட்டான். அதுக்குமா மார்க்கு இல்ல?"

"அது நடிப்புன்னு போட்டிருக்கு. நடிப்புக்கு ரெண்டு மார்க் குறைச்சிருக்கு."

"இது ஒரு மெஷினு!" என்றாள் குழலி. "சவத்தத் தூக்கிக் குளத்துல போடணும்."

மூன்றாவது ஆட்டத்துக்கு ஆறு வாரம் இருந்தது. அதற்குள் குழலியின் தாய்மாமன் ஆவுடையப்பன் ஒரு வழி கண்டுபிடித்தார். அக்காவும் அத்தானும் போன பிறகு குழலியை வளர்த்தவர் அவர்தான். ஐம்பத்தேழு வயது, கட்டைப் பிரம்மச்சாரி. பிரம்மச்சரியம் அவராக ஏற்றுக்கொண்டதில்லை. சட்டம் வந்த புதிதில் ஒன்பது பெண்களோடு கூட்டரசு ஆடினார். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் அந்தந்தப் பெண்ணுக்கு அவள் எங்கே தப்புச் செய்தாள் என்று விளக்கினார். அதிகபட்ச மதிப்பெண் நாற்பத்திரண்டு. ஒரு ஆளுக்கு ஒன்பது ஜோடிதான் என்று அன்றைக்கு விதி இருந்ததால் அத்தோடு கதை முடிந்தது. ஆனால் ஆட்டத்தை மட்டும் விடவில்லை. தானே இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆடி, தன்னையே திட்டிக்கொள்வார்.

"இத காதுக்குள்ள போட்டுக்க," என்று கடுகளவு ஒரு கருவியைக் கொடுத்தார். "நான் வெளிய உக்காந்து திரையில பாத்துச் சொல்லுதேன், நீ காய நகத்து. பய எப்படியும் எல்லாத்தையும் குடுத்திருவான். நான் நாசூக்கா வாங்கி, நாசூக்கா திருப்பிக் குடுத்து அறுபதுக்கு இழுத்திருதேன்."

"கள்ளாட்டம்லா மாமா இது?"

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சொல்லியிருக்காவ. நாம ஒன்னே ஒன்னுதானட்டி சொல்லப்போறோம். மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது அப்படியே இருக்கு."

நயினாரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் 'சரி' என்றுதான் சொல்வான். ஆனால் அவன் முகத்துக்கு மறைக்கத் தெரியாது.

ஆட்டத்தன்று பொருத்த அலுவலகத்தில் நல்ல கூட்டம். முகூர்த்த மாதம். ஆட்ட அறைக்கும் பார்வையாளர் பகுதிக்கும் நடுவே கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் பெஞ்சின் ஒரு ஓரத்தில் ஆவுடையப்பன் கண்ணை அரைவாசி மூடி, சாமி கும்பிடுகிற பாவனையில் முணுமுணுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். அதே பெஞ்சின் மறு ஓரத்தில் நயினாரின் அம்மா உலகம்மாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, அவளும் என்னமோ ஜெபித்துக்கொண்டிருந்தாள். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகன் ஒருத்தன்தான். இரண்டு பேருடைய பக்தியையும் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள்.

மணி அடித்தது. குழலியின் காதுக்குள் மாமன் குரல் வந்தது. "இடப்பக்கத்துச் சிப்பாய ரெண்டு கட்டம் விடு. பய குதிரைய எடுத்துக் குடுப்பான் பாரு."

பயல் குதிரையைக் கொடுக்கவில்லை. அரசரைத் தன் பக்கம் ஒரு கட்டம் இழுத்தான்.

"ஓகோ," என்றார் மாமன். "சரி, யானைய விடு."

நயினார் அந்த யானையை வெட்டினான். வெட்டிய யானையை அடுத்த நகர்த்தலிலேயே மாமனுடைய மந்திரிக்கு எதிரில், வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள் என்பதுபோல வைத்தான்.

"அடேயப்பா! இது வேணும்னே செய்யுறது. எடுக்கச் சொல்லுதான், எடுத்தா குதிரை வந்து நம்ம வீட்டுக்குள்ள பூந்திரும். ஏட்டி, இவனுக்கா மூளை இல்லன்னு நெனச்சோம்? இவன விட்டுராத! இவனையே கட்டிக்க!"

அதன் பிறகு குழலிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கை பாட்டுக்குக் காயை நகர்த்தியது. பலகையில் நடந்தது சண்டையா கொஞ்சலா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒருவர் பறித்ததை மற்றவர் நாலு கட்டம் தள்ளி வந்து வாங்கிக்கொண்டார். ஒருவர் தப்புச் செய்தபோது மற்றவர் அதை உடனே பிடிக்காமல், தப்பு என்று தெரிந்துகொள்ள ஒரு நகர்த்தல் நேரம் கொடுத்தார். மாமன் காதுக்குள் சிரித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்பை அவள் இருபத்தெட்டு வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பதினேழாவது நகர்த்தலில் அவள் நிமிர்ந்து நயினாரைப் பார்த்தாள். அவன் பலகையையே பார்க்கவில்லை. யாரோ காதுக்குள் கத்தியதுபோல முகத்தைச் சுளித்தான். அப்புறம் அவசரமாக ஒரு சிப்பாயை எடுத்து, கொஞ்சம் தயங்கி, வேறு கட்டத்தில் வைத்தான். குழலி திரும்பிக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். பெஞ்சின் இரண்டு ஓரத்திலும் பக்தி முற்றியிருந்தது. உலகம்மாள் முந்தானைக்குள் கையை ஆட்டி ஆட்டி ஜெபித்தாள். நயினாரும் அதே நேரம் அங்கே பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான். இருவர் காதிலும் கருவி இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் ஒரே நொடியில் விளங்கியது. ஆனால் நடுவில் நிறுத்தினால் ஆட்டம் போனதாகிவிடும். ஆகவே மிச்சமிருந்த இருபத்துமூன்று நகர்த்தலுக்கும் காதலர்கள் இருவரும் கைகளாக மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

திரையில் மதிப்பெண் வந்தது. தொண்ணூற்றேழு.

மாவட்டத்தில் அதுவரை எண்பத்து நாலைத் தாண்டியவர்கள் கிடையாது. கூட்டம் கை தட்டியது. யாரோ ஒருவர் லட்டு வாங்க ஓடினார். அன்னபாக்கியம் மட்டும் கை தட்டவில்லை. அச்சடித்து வந்த சான்றிதழைப் படித்துவிட்டு, நாலு பேரையும் உள்ளே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"வாழ்த்துகள்," என்றார். "மணமகன் ஆவுடையப்பன், மணமகள் உலகம்மாள்."

"எங்க பேரு எப்படி...?" என்றார் ஆவுடையப்பன்.

"முகத்த மாத்தலாம், பேர மாத்தலாம். ஆடுற விதத்த மாத்த முடியாது அண்ணாச்சி. நீங்க ஒன்பது ஆட்டம் ஆடினது கோப்புல இருக்கு. இவிய அவிய வீட்டுக்காரரோட ஆடினதும் இருக்கு. மெஷின் பாத்த உடனே கண்டுபிடிச்சிட்டு."

"அறுபத்தொன்னு," என்றாள் உலகம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "அவியளும் நானும் எடுத்தது அறுபத்தொன்னு. அந்த ஒரு மார்க்க வச்சிக்கிட்டு இருபத்தஞ்சு வருஷம் ஓட்டினேன். என் பிள்ளைக்கும் அந்தக் கதி வேண்டாம்னுதான் இந்தக் கோணங்கித்தனம் பண்ணினேன்."

அன்னபாக்கியம் கணினியில் எதையோ தேடினார். தேடியிருக்கக் கூடாது. "அந்த வருஷப் பட்டியல்ல உங்களுக்குப் பத்தாவதா வந்திருக்க வேண்டிய ஜோடி இவியதான் அண்ணாச்சி. ஒன்பதோட நிப்பாட்டிட்டாங்க."

ஆவுடையப்பனின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. குழலிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு எண்ணுக்காக ஒரு மனிதன் முப்பது வருடம் தன்னோடு தானே ஆடிக்கொண்டிருந்திருக்கிறான். உலகம்மாள்தான் சமாளித்தாள். "அப்படி நடந்திருந்தா இவன் பிறந்திருக்க மாட்டானே," என்று மகனைக் காட்டினாள். எல்லோரும் நயினாரைப் பார்த்தார்கள். பிறந்ததற்கு மன்னிப்புக் கேட்பவனைப்போல அவன் நின்றான்.

"இப்ப என்ன செய்யணும் மேடம்?" என்றாள் குழலி.

"ஆள்மாறாட்டம்னு எழுதினா நாலு பேருக்கும் பத்து வருஷத் தடை. ஆனா பிரிவு பதினாலு இருக்கு. கை நடுங்குறவங்க, கண்ணு தெரியாதவங்க, உதவிக்கு ஆள் வச்சுக் காய நகத்திக்கலாம். ஆடினது நாங்கதான், பிள்ளைக கை உதவிக்கு வந்தாங்கன்னு பெரியவங்க ரெண்டு பேரும் எழுதிக் குடுத்தா எல்லாம் முறைப்படி ஆயிரும். ஒரே ஒரு சங்கடம். நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கணும்."

"நல்லா இருக்கே!" என்று ஆவுடையப்பன் எழுந்துவிட்டார். "நாங்க பண்ணிக்கிட்டா பிள்ளைக கதி?"

"உக்காருங்க. அதத்தான் சொல்ல வாரேன். உங்க பொண்டாட்டி மகன் சட்டப்படி உங்க மகன். உங்க மகன் இந்தப் பிள்ளைக்கு யாரு?"

குழலி விரலை மடக்காமலே கண்டுபிடித்துவிட்டாள். "தாய்மாமன் மகன்."

"முறைப்பையன்! முறை உள்ளவங்களுக்கு ஆட்டமே வேண்டாம். பிரிவு ஒன்பது. அந்தப் பிரிவு மட்டும் இல்லைன்னா நம்ம தெக்கத்திப் பக்கம் இந்தச் சட்டத்துக்கு ஒரு ஓட்டு விழுந்திருக்குமா?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேட்டிருக்கிறோம். குரங்கு பிடித்துப் பிள்ளையார் ஆனதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். நயினார் அம்மாவைப் பார்த்தான். குழலி மாமனைப் பார்த்தாள். அந்த இருவரும் யாரையும் பார்க்கவில்லை. பிள்ளைகள் பழகத் தொடங்கிய நாலு வருடமாக உலகம்மாள் அவரை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறாள். இப்போது அதற்கும் வழியில்லை.

"இங்க பாருங்க," என்று தொடங்கினாள், சுவரைப் பார்த்து. "ஒன்னே ஒன்னு கேக்கணும். அந்தப் பதினேழாவது நகத்தல்ல அரசர எதுக்கு என் பக்கம் தள்ளினிய?"

"தள்ளலைன்னா உங்க சிப்பாய் மாட்டியிருக்கும்."

"மாட்டினா மாட்டட்டும். எனக்குக் காப்பாத்தத் தெரியாதா?"

"தெரியும். அதுக்கு நீங்க மந்திரியக் குடுத்திருக்கணும். அந்த மந்திரி அங்ஙன நிக்குறது எனக்குப் பிடிச்சிருந்தது."

அரை மணி நேரம் அந்த மந்திரியைப் பற்றிச் சண்டை நடந்தது. அன்னபாக்கியம் இரண்டு முறை டீ வரவழைத்தார். மூன்றாவது டீக்கு உலகம்மாள், "பிள்ளைகளுக்காகத்தான்," என்றாள். "பின்னே, எனக்காகவா?" என்றார் ஆவுடையப்பன். அப்படியாக நிச்சயம் ஆனது.

பெரியவர்கள் கல்யாணம் நாற்பது நாளில் நடந்தது. இத்தனை கூத்துக்குப் பிறகும் குழலி யாரையும் புது முறை சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அத்தை அத்தையாகவே இருந்தாள், மாமா மாமாவாகவே இருந்தார். நயினார்தான் 'மாமா' என்று ஆரம்பித்து 'அப்பா' என்று முடிக்கத் தெரியாமல், புதிய தகப்பனாரை இருமிக் கூப்பிட்டான்.

ஆனால் அந்த இரண்டு பேரும் வாழ்ந்த வாழ்க்கை இருக்கிறதே! காலையில் எழுந்ததும் சண்டை, சாயங்காலம் சிரிப்பு. மாமன் முருங்கைக்காய்க் குழம்பில் குறை சொன்னால் அத்தை கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். அவரும் வைப்பார். மறுநாள் அதைவிட மோசமாக இருந்தது என்று இருவரும் சேர்ந்து ஒத்துக்கொள்வார்கள். முப்பது வருடம் தன்னையே திட்டிக்கொண்டிருந்த மனிதர் பல் தெரியச் சிரித்தபடி நடமாடினார். தெருவே பார்த்துச் சந்தோஷப்பட்டது.

குழலிக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரு பயம் கூடிக்கொண்டே போனது. மெஷின் சவம், மெஷின் பொய் என்று ஊரெல்லாம் சொன்னவள் அவள். கண்ணெதிரே தொண்ணூற்றேழு குடும்பம் நடத்துகிறது. அது நிஜம் என்றால் முப்பத்தொன்றும் நிஜம்தானே? நயினாரை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். அவனை ஒன்றுமில்லாமல் ஆக்கப்போகிறவள் தானா என்று நினைத்தபோது, கோபுரத்தின் மேல் உட்கார்ந்து அழுதாள்.

பதிவு நாளில் அன்னபாக்கியம் படிவத்தை நீட்டினார். பிரிவு ஒன்பது, முறை விலக்கு. இரண்டு கையெழுத்து போதும். பின்னால் சாட்சிகளாக மாமனும் அத்தையும் நின்றார்கள்.

"நயினாரே," என்றாள் குழலி. "இது வேண்டாம்."

"ஏன்?"

"மெஷின் பொய் சொல்லல. இவிய ரெண்டு பேரையும் பாத்தேல்லா? அப்ப நம்ம மார்க்கும் சரிதான். ஏழு வருஷத்துல உன் கையில ஒன்னும் இருக்காது. எடுக்காம இருக்க எனக்கு வராது, என் புத்தி அது. இத்தன நாள் நான் கேட்டதெல்லாம் குடுத்த. கடைசியா ஒன்னு கேக்கேன். என்ன விட்டுரு."

அறையில் எல்லோரும் அவன் 'சரி' என்று சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். உலகம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"முடியாது," என்றான் நயினார்.

"என்னது?"

"முடியாதுன்னேன். யானை வேணுமா எடுத்துக்க. கடை வேணுமா எடுத்துக்க. இத மட்டும் தரமாட்டேன்."

"நான் கேட்டு நீ இல்லன்னு சொன்னதே இல்லியே!"

"சொல்ல வேண்டிய எதையும் நீ இதுவரைக்கும் கேக்கல."

குழலி விடுகிற ஆளா? கெஞ்சினாள், அதட்டினாள், கணக்குப் போட்டுக் காட்டினாள், அறிக்கையை எடுத்து வரி வரியாகப் படித்தாள். அவன் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதே 'முடியாது'. குரல்கூட உயரவில்லை. அன்னபாக்கியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து தயிர்சாதத்தில் பாதி சாப்பிட்டார். இருபது நிமிடம் ஆனது. சொல்வதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை என்று குழலிக்குத் தெரிந்தது. தோற்றுப்போய்விட்டோம் என்றும் தெரிந்தது. தோற்பது இவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி," என்றாள். "பேனாவக் குடு."

"இரு," என்றான் நயினார். "முதல்ல நான் போட்டுக்கிடுதேன்."

அவன் நிதானமாகத் தன் முழுப் பெயரையும் எழுதத் தொடங்கினான். நீளமான பெயர். குழலி காத்திருந்தாள்.